முதல் வரிசை வீடுகள்

பகல் பதினொரு மணி தாண்டிவிட்டால் தலைக்கு மேல் இருந்த தார்ச் சீட்டு இளகி ஒரு வாடை கிளம்பும். புதிதாக ரோடு போடும் இடத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு விறுவிறுவென்று கடந்து போவோமே, அதே வாடைதான். ஆனால் நாங்கள் கடந்து போக வழியில்லாமல் அந்த வாடைக்குள்ளேயே சோறு தின்று, பாடம் படித்து, சட்டை மாற்றி, ஒன்றரை வருடம் குடியிருந்தோம். ஊரில் எல்லோரும் அதைக் "கொட்டாய்" என்றார்கள். வீடு என்று யாரும், மறந்துகூட, சொன்னதில்லை.

2004 டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்து திரும்பிய பிறகு, கிள்ளைக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் மீனவக் குப்பத்தில் நின்ற வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். எங்கள் வீடு நிற்கவில்லை. நானும் தம்பியும் அப்பாவும் அம்மாவும் நான்கு பேரும் உயிரோடு மிஞ்சியிருந்ததால், அந்த நாளைப் பற்றி அதிகம் பேச நமக்கு உரிமையில்லை என்று அம்மா நினைத்தாள். யாராவது கேட்டால், "எங்களுக்கு ஒண்ணும் இல்ல, வீடுதான்" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவாள். எனக்கு அப்போது பத்து வயது. "வீடுதான்" என்று அவள் சுலபமாகச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். எங்கள் பழைய வீட்டுச் சுவரில் எனக்கென்று ஒரு மாடம் இருந்தது. கொட்டகையில் புத்தகப் பையை மாட்டுவதற்குக்கூட ஓர் ஆணி இல்லை.

கொட்டகைகள் முதுகோடு முதுகு ஒட்டி வரிசையாக நின்றன. நடுவில் இருந்த தகரத் தடுப்பு காதுக்கு எதையும் மறைக்காது. அடுத்த கொட்டகையில் அஞ்சலை அத்தை, அவள் வீட்டுக்காரர், மகன் குமார், பிறகு எப்போதும் இருமிக்கொண்டிருக்கும் அத்தையின் மாமனார். குமார் என் வகுப்புதான். இரண்டு வீட்டுக் குழம்பும் தடுப்புக்கு மேலாகக் கைமாறும். அம்மாவும் அத்தையும் ஒருவருக்கொருவர் பேன் பார்த்துக்கொண்டே பேசுவார்கள், சண்டை போடுவார்கள், மறுபடியும் பேன் பார்ப்பார்கள்.

அந்தக் கோடையில் ஒரு தொண்டு நிறுவனம் வீடு கட்டித் தர முன்வந்தது. மாரியம்மன் கோயில் முன்னால் ஊரைக் கூட்டி, ஒரு பெஞ்சின் மேல் மூன்று கற்களை வைத்தார் கண்ணாடி போட்ட இன்ஜினியர். ஒன்று செங்கல், பண்ருட்டிப் பக்கத்துச் சூளையிலிருந்து வந்தது. ஒன்று சாம்பல் நிறத்தில், கத்தியால் வெட்டியதுபோல் ஓரம் நேராக இருந்தது. நெய்வேலியில் கரி எரித்த சாம்பலில் செய்தது, இதைச் சுடவே வேண்டாம், அச்சில் அழுத்தினால் போதும் என்றார். மூன்றாவது, நடுவில் இரண்டு பெரிய ஓட்டைகளோடு இருந்த சிமெண்ட் கல். அதுதான் "ஹாலோ பிளாக்". பெண்கள் செங்கல்லைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். ஊர்ப் பெரியவர்கள், "ஓட்ட கல்லுல வூடு கட்னா அது வூடா, பொறாக் கூண்டா?" என்றார்கள்.

இன்ஜினியர் பொறுமையாகப் பேசினார். ஹாலோ பிளாக் ஒன்று ஏழெட்டுச் செங்கல்லின் இடத்தை அடைத்துவிடும், சுவர் மளமளவென்று எழும்பும், உள்ளே காற்று நிற்பதால் வெயில் இறங்காது, சுவரின் கனமும் குறையும். சூளைக்காக யாருடைய வயலையும் தோண்ட வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, மிஷினை இங்கேயே கொண்டுவந்து கற்களை இங்கேயே போடலாம், ஊர்ப் பெண்களுக்கே வேலை கிடைக்கும். குறைகளையும் அவர் மறைக்கவில்லை: ஆணி சரியாக நிற்காது, மூலைகளில் ஓட்டைக்குள் கம்பி விட்டுக் கான்கிரீட் நிரப்பியாக வேண்டும், பூச்சில் விரிசல் விட்டால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கும். ஆனால் "மளமளவென்று" என்ற வார்த்தை காதில் விழுந்த பிறகு யாரும் எதையும் கேட்கவில்லை. கொட்டகையிலிருந்து எவ்வளவு சீக்கிரம் வெளியே வருவோம் என்பது ஒன்றுதான் எங்களுக்கு வேண்டியிருந்தது. கை தூக்கச் சொன்னார்கள். நான்கூடத் தூக்கினேன்.

யாருக்கு எந்த வீடு என்று குலுக்கிப் போட்டதில், அஞ்சலை அத்தைக்கு முதல் வரிசை கிடைத்தது. தீபாவளிக்கு முன் முடிந்துவிடும் என்றார்கள். எங்களுக்கு மூன்றாவது வரிசை. தை பிறந்து பார்க்கலாம் என்றார்கள். குமார் என்னிடம் நாக்கைத் துருத்திக் காட்டினான். நான் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

ஆடியில் மிஷின் வந்தது. சக்கரம் வைத்த அந்த மிஷின் சிமெண்டையும் மணலையும் சிப்ஸ் ஜல்லியையும் வயிற்றில் வாங்கிக்கொண்டு, பல் கூசும்படி உதறி, நான்கு கற்களைத் தரையில் இறக்கிவிட்டு ஒரு முழம் முன்னால் நகரும். நாங்கள் அதை "முட்டை மிஷின்" என்போம். அம்மா கலவை அள்ளிக் கொட்டும் வேலைக்குச் சேர்ந்தாள். பள்ளி விட்டதும் நாங்கள் எல்லோரும் அங்கேதான் ஓடுவோம். கற்கள் வரிசை வரிசையாகக் காய்ந்துகொண்டிருக்கும். எது எங்கள் வீட்டுக் கல், எது அவர்கள் வீட்டுக் கல் என்று பங்கு பிரித்துக்கொள்வோம். என் வீட்டுக்கு வெளிர் பச்சை பெயிண்ட் என்று நான் முடிவே செய்துவிட்டேன். ராத்திரி படுத்தால் கால்கள் சும்மா இருக்காமல் தடுப்பை உதைத்துக்கொண்டே இருக்கும். அந்தப் பக்கத்திலிருந்து குமாரும் உதைப்பான்.

போட்ட கல் இறுகுவதற்கு நாள் கணக்கில் தண்ணீர் ஊற்றி நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கடல் வந்துபோன பிறகு ஊரில் கைபம்பு எல்லாம் உப்புக் கரித்தது. ஆகவே கலவைக்கும் நனைப்பதற்கும் லாரியில் நல்ல தண்ணீர் வரும். இல்லை, வர வேண்டும். பிள்ளையார் சதுர்த்திக்கு முதல் நாள் மதியம் பள்ளியைச் சீக்கிரம் விட்டார்கள். ஓடிப்போய்ப் பார்த்தால், லாரியைக் காணோம். கான்ட்ராக்டரின் மேஸ்திரி, பெண்கள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், கைபம்புத் தண்ணீரை டிரம்மில் நிரப்பிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "என்னா பாப்பா, வூடு சீக்கிரம் வேணுமா வேணாமா?" என்றார். வேணும் என்றேன். "அப்ப போயி வெளையாடு."

நான் போய் விளையாடினேன். அதற்குப் பிறகும் இரண்டு மூன்று முறை பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

அம்மா தானாகவே கண்டுபிடித்தாள். அடுக்கியிருந்த கற்களின் மேல் மாவு தூவியதுபோல் வெள்ளை பூத்திருந்தது. ஒரு கல்லைத் தூக்கும்போது அதன் மூலை பொரி உருண்டைபோல் அவள் கையோடு வந்துவிட்டது. அன்றைக்குச் சாயங்காலம் என்னிடம் கேட்டாள்: "பசங்க அங்கியே கெடக்கறீங்களே, எந்தத் தண்ணி ஊத்தறாங்கன்னு பாத்தியா?" லாரித் தண்ணீர் என்று சொன்னேன். கண்ணை இமைக்காமல் சொன்னேன். வெளிர் பச்சை வீடு ஒன்றுதான் அப்போது என் கண்ணில் இருந்தது.

அப்பாவிடம் அம்மா கல்லைப் பற்றிச் சொன்னபோது அவர் வலையிலிருந்து தலையை நிமிர்த்தவேயில்லை. "இப்ப வாயத் தொறக்காத வள்ளி. இன்னொரு மழைக்கு இந்தக் கொட்டாயில எவனாலயும் இருக்க முடியாது. ஊரே சேந்து நம்மள மிதிக்கும்."

"கல்லு மாவா போவுதுய்யா."

"போவட்டும். நீ என்னா இன்ஜினியரா?"

மறுநாள் அம்மா வேலைக்குப் போகவில்லை. மீன் கூடையில் ஒரு கல்லை வைத்து, மேலே பழைய துண்டைப் போட்டு மூடி, தலையில் தூக்கிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினாள். கண்டக்டர், "மீனா?" என்றார். "ஆமா, கல்லு மீனு" என்றாள் அம்மா. அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நிற்கும்போது இறங்கி ஓடிவிடலாமா என்று இருந்தது. பாதி வழியில் அழுதுகொண்டே, கைபம்பையும் டிரம்மையும் மேஸ்திரியையும் பற்றி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அம்மா அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் முந்தானையால் என் மூக்கைத் துடைத்துவிட்டு, "எனக்கும் சீக்கிரம் போவணும்னுதான் இருக்குது" என்று மட்டும் சொன்னாள்.

அம்மாவின் தம்பி சேகர் மாமா கொத்தனார். கடலில் படகேறினாலே குடல் வெளியே வரும் அளவுக்கு வாந்தி எடுப்பவர் என்பதால், எங்கள் ஆட்களில் முதல்முறையாகக் கரைவேலைக்குப் போனவர். அப்போது அண்ணாமலை நகரில் மாணவர்கள் தங்கும் ஒரு லாட்ஜின் மாடியைக் கட்டிக்கொண்டிருந்தார். அம்மா கூடையை இறக்கியதும், "அக்கா, பைத்தியமா ஒனக்கு? இதப் போயி தூக்கினு வந்திருக்க!" என்றார். பிறகு கல்லைக் கையில் எடுத்தார். ஓரத்தை நகத்தால் சுரண்டி, விரலை நாக்கில் வைத்துத் துப்பினார். தன் சைட்டில் இருந்த ஹாலோ பிளாக் ஒன்றைத் தோள் உயரத்துக்குத் தூக்கி மண் தரையில் போட்டார். தொப்பென்று விழுந்து ஒரு முனை மட்டும் சிதறியது. எங்கள் கல்லைத் தூக்கி அதே உயரத்திலிருந்து போட்டார். அது விழுந்த சத்தமே கேட்கவில்லை. நான்கைந்து துண்டாகவும் மீதி தூளாகவும் கிடந்தது.

"உப்பு மட்டும் இல்லக்கா. சிமெண்டும் கம்மி, ஊறவும் உடல. மூலையில கம்பி உட்டுக் கட்டுவாங்க இல்ல, இந்த உப்புக்கு அந்தக் கம்பி அஞ்சாறு வருசத்துல துருப்புடிச்சு வெடிச்சினு வெளிய வந்துரும்."

"அன்னிக்கே செங்கல்லுன்னு சொல்லியிருக்கணும்டா."

"செங்கல்லுன்னா மட்டும்? சூளையில நெருப்புக்குப் பக்கத்துல இருக்கறது கருகி வளஞ்சிரும், ஓரத்துல இருக்கறது வேவாமலே வந்துரும். தண்ணியில போட்டா கரைஞ்சிரும். சாம்பக் கல்லு பாக்க நல்லாருக்கும், தண்ணியக் குடிச்சினே இருக்கும், பூச்சும் சீக்கிரம் புடிக்காது. எல்லாத்துலயும் நல்லதும் இருக்குது, திருட்டும் இருக்குது. நீ இத இன்ஜினியருகிட்டப் போயிக் காட்டு. ஊருகிட்டக் காட்டாத."

அம்மா ஊரிடம்தான் காட்டினாள். இன்ஜினியரிடம் ரகசியமாகச் சொன்னால், வேலை ஏன் நின்றது என்று தெரியாமல் ஆளுக்கொரு கதை கட்டுவார்கள் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை கோயில் முன்னால் இன்ஜினியர் கூட்டிய கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது, அடுக்கிலிருந்து ஒரு கல்லை எடுத்துக்கொண்டு நடுவில் வந்து நின்று, தலைக்கு மேல் தூக்கி, மணலில் போட்டாள். பிறகு இன்னொன்று. மூன்றாவது உடையவில்லை, நல்ல தண்ணீர் ஊற்றிய நாள் கல்லாக இருக்கும். நான்காவது உடைந்தது.

யாரும் அவளைப் பாராட்டவில்லை. "இவ வேலைக்கு ஒல வைக்கறா", "மழைக்கு இன்னும் எத்தினி நாளு இருக்குது?", "ஒடச்சா எந்தக் கல்லும் ஒடையும்!" என்று நாலா பக்கத்திலிருந்தும் குரல் வந்தது. மேஸ்திரி கையைக் கட்டிக்கொண்டு சிரித்தார். அப்பா கூட்டத்தின் விளிம்பில் துண்டை உதறி உதறித் தோளில் போட்டுக்கொண்டிருந்தார். அப்போதுதான் அஞ்சலை அத்தை எழுந்து வந்தாள்.

"ஒனக்கென்னாடி? மூணாவது வரிச. நீ நின்னு நெதானமா ஒடைப்ப. மொத வரிசையில இருக்கறவ நானு. எங்க மாமனார ஒருநாளு ஒங்கொட்டாயில படுக்க வச்சுப் பாரு, அப்பத் தெரியும்."

அம்மா அவள் பக்கம் திரும்பினாள். "மூணாவது வரிசையிலதான் இத வச்சிருக்காங்கன்னா வாய மூடினு இருந்திருப்பேன் அஞ்சல. ஒன் வூட்டுலதான் மொதல்ல வச்சிருக்காங்க. செவுரு ஆளு ஒசரத்துக்கு வந்துருச்சு."

இன்ஜினியர் பத்துக் கற்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார். ஒரு வாரம் கழித்து வந்தார். முதல் வரிசையில் எழும்பிய பன்னிரண்டு வீட்டுச் சுவர்களையும் இடிக்க வேண்டும் என்றார். மேஸ்திரியை மாற்றினார்கள். அம்மாவை மறுபடி வேலைக்குக் கூப்பிட்டு, லாரித் தண்ணீரை வாயில் ஊற்றிப் பார்த்துச் சொல்லும் பொறுப்பைக் கொடுத்தார்கள். கடப்பாரையால் இடிக்க வந்த ஆட்களுக்கு அதிக நேரம் ஆகவில்லை. குமார் அவன் வீட்டுச் சுவர் விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் ஒரு தென்னைக்குப் பின்னால் நின்றேன். உண்மை முதலில் எனக்குத்தான் தெரியும் என்பதை அவனிடம் சொல்ல வாய் வரவில்லை. சொல்லியிருந்தால், ஒரு மாதத்துக்கு முன்பே சொல்லியிருந்தால், அந்தச் சுவர்கள் இடுப்பளவுகூட எழும்பியிருக்காது என்ற கணக்கு மட்டும் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

அந்த வருட மழை எங்கள் மாவட்டத்தில் யாருக்கும் மறக்காது. ஐப்பசியில் பிடித்தது, விடவேயில்லை. கொட்டகைத் தரை சேறாகி, கட்டிலின் காலுக்குச் செங்கல் வைத்து உயர்த்தினோம். தடுப்புக்கு அந்தப் பக்கம் இருமல் நிற்காமல் கேட்டது. பிறகு ஒரு மதியம் நின்றது. சிதம்பரத்துக்குக் கொண்டுபோக ஆட்டோ வரும்வரைகூடப் பெரியவர் தாங்கவில்லை.

அம்மா மாலையோடு போனாள். நானும் பின்னால் போனேன். அஞ்சலை அத்தை அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "கல்லு ஒடஞ்சத ஊருக்கே காட்டினியே, இப்ப மனுசன் ஒடஞ்சதப் பாக்க வந்தியா?" என்றாள். அங்கிருந்த யாரும், சும்மா இரு என்று அவளைச் சொல்லவில்லை. அம்மா மாலையை வைத்துவிட்டு, கும்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். அன்றிலிருந்து தடுப்புக்கு மேல் குழம்புக் கிண்ணம் வரவில்லை. கால்களால் உதைத்தால் பதில் உதையும் வரவில்லை.

அடுத்த வருடம் எல்லோரும் வீட்டுக்குப் போனோம். முதல் வரிசை, மூன்றாவது வரிசை என்ற பேச்சே இல்லாமல் ஒன்றன்பின் ஒன்றாகச் சாவி கொடுத்தார்கள். எங்கள் வீட்டுக்கு வெளிர் பச்சை கிடைக்கவில்லை, எல்லா வீட்டுக்கும் ஒரே மஞ்சள். ஆணி அடித்தால் ஓட்டைக்குள் விழுந்தது. புத்தகப் பையை மாட்ட மரச் சட்டம் வைத்துத்தான் ஆக வேண்டியிருந்தது. வெயில் நிஜமாகவே இறங்கவில்லை. ஆனால் அம்மா நல்ல தூக்கம் தூங்கி நான் பார்க்கவில்லை. கூரை ஒழுகுகிறதா, மூலையில் துரு தெரிகிறதா என்று ஒவ்வொரு மழைக்கும் சுவரைத் தடவிக்கொண்டே நடப்பாள். தான் செய்தது சரி என்று ஒருநாளும் சொன்னதில்லை. தப்பு என்றும் சொன்னதில்லை. ஒரே தெருக் குழாயில் குடம் வைத்துக்கொண்டு அவளும் அஞ்சலை அத்தையும் ஐந்தாறு வருடம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தண்ணீர் பிடித்தார்கள்.

2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் வந்தது. நான் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். விடிந்து வெளிச்சம் வந்த பிறகும் காற்று விடவில்லை; தெருவில் ஒரு தகரம் பறந்து போனதை ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தோம். எட்டு மணி இருக்கும், கதவை யாரோ உள்ளங்கையால் அறைந்தார்கள். அப்பா திறந்தார். அஞ்சலை அத்தை, தலைமுடியெல்லாம் நனைந்து முகத்தில் ஒட்டி, நின்றுகொண்டிருந்தாள். குமாரும் அவன் அப்பாவும் படகைக் கட்டப் போயிருந்தார்கள். அவள் வீட்டுக் கதவு பிய்ந்துபோய், உள்ளே தனியாக இருக்க முடியவில்லை.

அம்மா உலர்ந்த புடவையைக் கொடுத்தாள். டீ போட்டாள். அத்தை சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, காற்றின் சத்தத்தைக் கேட்டாள். பிறகு சொன்னாள்: "எங்க மாமனாரு இருந்தா இந்நேரம் அந்த உப்புக் கல்லு வூட்டுலதான் படுத்துனு இருப்பாரு."

"ஆமா" என்றாள் அம்மா.

 மன்னித்துக்கொள் என்று அம்மாவும் கேட்கவில்லை, விட்டுத் தள்ளு என்று அத்தையும் சொல்லவில்லை. இரண்டாவது டம்ளர் டீயை அத்தை கேட்டு வாங்கிக் குடித்தாள். காற்று அடங்கியதும் எழுந்து போனாள். எங்கள் தெருவில் மரங்கள் எல்லாம் விழுந்திருந்தன. சுவர் எதுவும் விழவில்லை.

இப்போது நான் கடலூரில் இருக்கிறேன். ஊருக்குப் போனால் எதையும் அடையாளம் காட்ட முடியவில்லை. கொட்டகைகள் இருந்த இடத்தில் சவுக்கு வளர்ந்துவிட்டது. முட்டை மிஷின் ஓடிய களத்தில் மீன் காயப்போடும் சிமெண்ட் மேடை. மூன்று வரிசை என்பதே மறைந்துபோய், ஆளாளுக்கு மாடி எடுத்திருக்கிறார்கள்: ஒருவர் செங்கல்லில், ஒருவர் சாம்பல் கல்லில், குமார் இப்போது வந்திருக்கும் வெள்ளைக் கல்லில். ஒரு கையால் தூக்கிவிடலாம் அதை, அவ்வளவு இலேசு. குமார் பழைய வீட்டை அடியோடு இடித்துவிட்டுத்தான் கட்டுகிறான். திரும்பக் கட்டிய முதல் வரிசைப் பன்னிரண்டு வீடுகளில் முதலில் போனது அதுதான்.

வேலை முடிய ஆறேழு மாதம் ஆகும் என்பதால் அஞ்சலை அத்தை எங்கள் வீட்டு முன்னறையில் தங்கியிருக்கிறாள். போன வாரம் போனில் அம்மாவிடம், "ரெண்டு பேரும் பேசிக்கறீங்களா?" என்று கேட்டேன்.

"பேசறதா? காலையிலேர்ந்து சண்ட. அவளுக்கு ஒரு நாடகம், எனக்கு ஒரு நாடகம், ரெண்டும் ஒரே நேரத்துக்குப் போடறான்" என்றாள் அம்மா. பின்னாலிருந்து அத்தையின் குரல் கேட்டது: "யாரு, பாப்பாவா? வரச் சொல்லுடி. தலையில பேனு இருக்கான்னு பாத்து அனுப்பறேன்."